விளையும் பயிர் முளையிலேயே தெரியுமா?

‘விளையும் பயிர் முளையிலேயே தெரியும்’ என்ற பழமொழியைப் பள்ளிப் பரிசளிப்பு விழாக்களில் கேட்காதவர்கள் குறைவு. பன்னிரண்டு வயதில் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வரும் பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொல்வோம். அதே வயதில் பள்ளி அணிக்குத் தேர்வாகாத பிள்ளையிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால், ‘எனக்கு விளையாட்டு வராது’ என்ற முடிவுக்கு அந்தப் பிள்ளை தானாகவே வந்துவிடுகிறது.

அந்த முடிவு சரிதானா? விளையாட்டு அறிவியலும் விளையாட்டு உளவியலும் அண்மை ஆண்டுகளில் இந்தக் கேள்வியைத் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்து வருகின்றன. 2025 டிசம்பரில் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்த ஒரு கட்டுரை அந்த விவாதத்தை உலகெங்கும் மீண்டும் கிளப்பியுள்ளது. ஜெர்மானிய விளையாட்டு அறிவியலாளர் ஆர்னே குல்லிச் தலைமையிலான நால்வர் அதை எழுதியுள்ளனர். ஒலிம்பிக் வெற்றியாளர்கள், நோபெல் பரிசு பெற்ற அறிவியலாளர்கள், சதுரங்க வீரர்கள், செவ்வியல் இசையமைப்பாளர்கள் என 34,000க்கும் அதிகமான உச்சநிலைச் சாதனையாளர்களைப் பற்றிய தரவுகளை அவர்கள் ஒருசேரப் பார்த்தனர். இளவயதில் உச்சத்தில் இருந்தவர்களும் வளர்ந்த பிறகு உலகின் உச்சத்தைத் தொட்டவர்களும் பெரும்பாலும் வெவ்வேறு ஆள்கள் என்பது அவர்களின் முக்கியக் கண்டுபிடிப்பு.

சிங்கப்பூர் மாணவர்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வருவதற்கு முன்பே, விளையாட்டு, கலை, குறிப்பிட்ட பாடங்கள் ஆகியவற்றில் உள்ள திறனைக் காட்டி உயர்நிலைப் பள்ளியில் இடம் பெற நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டம் 2004 முதல் வழிசெய்கிறது. தேர்வு மதிப்பெண்ணைத் தாண்டியும் திறன் உண்டு என்று ஏற்றுக்கொண்ட நல்ல திட்டம் அது. ஆனால், விளையாட்டில் யார் திறனாளர் என்று தொடக்கநிலை 6லேயே கணித்துவிட முடியுமா என்பது தனிக் கேள்வி.

இரண்டு வெவ்வேறு கூட்டங்கள்

குல்லிச்சும் அவருடைய சகாக்களும் 2023இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 38,000 இளம் விளையாட்டாளர்கள், 23,000 மூத்த விளையாட்டாளர்கள் பற்றிய முந்தைய ஆய்வுகளின் தரவுகளை அது தொகுத்தது. 17 அல்லது 18 வயதுக்குட்பட்டோர் பிரிவில் அனைத்துலக நிலையை எட்டியவர்களில் சுமார் 89 விழுக்காட்டினர் பெரியவர்கள் பிரிவில் அந்த நிலையை எட்டவில்லை. மறுபுறம், பெரியவர்கள் பிரிவில் அனைத்துலக நிலையை எட்டியவர்களில் சுமார் 82 விழுக்காட்டினர் 17, 18 வயதில் அந்த நிலையில் இருக்கவில்லை.

முதல் எண் நமக்கு அவ்வளவு வியப்பளிக்காது. இளம் நட்சத்திரங்கள் பலர் மங்கிப்போவதைக் கண்டிருக்கிறோம். இரண்டாவது எண்தான் யோசிக்க வைக்கிறது. உலக அரங்கில் இன்று நாம் பார்க்கும் வீரர்களில் ஐவரில் நால்வர், பதினெட்டு வயதில் அனைத்துலகப் பட்டியலிலேயே இல்லாதவர்கள். பதினெட்டு வயதிலேயே கணிப்பு இவ்வளவு தவறுகிறது என்றால், பன்னிரண்டில் செய்யும் கணிப்பை எவ்வளவு நம்பலாம்?

இதே குழுவைச் சேர்ந்தோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு அதற்கான காரணத்தைத் தேடியது. 51 ஆய்வறிக்கைகளில் இடம்பெற்ற 6,096 விளையாட்டாளர்களை அது ஒப்பிட்டது. இளையர் பிரிவில் சிறந்து விளங்கியவர்கள் தங்கள் முதன்மை விளையாட்டைச் சீக்கிரம் தொடங்கி, அதிலேயே அதிகம் பயிற்சி செய்து, வேகமாக முன்னேறியவர்கள். எதிர்பார்த்ததுதான். ஆனால், பெரியவர்கள் பிரிவில் உலகத் தரத்தினரையும் தேசியத் தரத்தினரையும் ஒப்பிட்டபோது படம் தலைகீழானது. உலகத் தரத்தினர் முதன்மை விளையாட்டைச் சற்றுத் தாமதமாகத் தொடங்கியிருந்தனர். சிறுவயதில் பயிற்றுநரின்கீழ் வேறு விளையாட்டுகளிலும் அதிகம் ஈடுபட்டிருந்தனர். தொடக்கத்தில் அவர்களின் முன்னேற்றம் மெதுவாகவே இருந்தது.

அதாவது, பதினைந்து வயதில் பதக்கம் பெற உதவும் பாதையும் இருபத்தைந்து வயதில் உலகத் தரத்தை எட்ட உதவும் பாதையும் ஒன்றல்ல.

பத்தாயிரம் மணி நேரக் கணக்கு

‘எதிலும் வல்லவராக 10,000 மணி நேரப் பயிற்சி வேண்டும்’ என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்போம். உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் சகாக்களும் பெர்லின் இசைக் கல்விக்கழக வயலின் மாணவர்களைக் குறித்து 1993இல் வெளியிட்ட ஆய்வுதான் அதன் மூலம். எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் 2008இல் எழுதிய நூல் அந்த எண்ணை உலகறியச் செய்தது. உண்மையில் 10,000 என்பது சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் செய்திருந்த பயிற்சியின் சராசரிதான். அதைத் தொட்டால் வெற்றி உறுதி என்று தாம் சொல்லவில்லை என எரிக்சனே பின்னர் விளக்கினார்.

உளவியலாளர் புரூக் மெக்னமாராவும் சகாக்களும் 2016இல் விளையாட்டுத் துறை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விளையாட்டாளர்களுக்கு இடையே காணப்படும் திறன் வேறுபாட்டில் சுமார் 18 விழுக்காட்டைத்தான் திட்டமிட்ட பயிற்சியின் அளவு விளக்கியது. உச்சநிலை வீரர்களை மட்டும் தமக்குள் ஒப்பிட்டபோது அது ஏறக்குறைய 1 விழுக்காடாகச் சுருங்கியது. உச்சநிலையில் எல்லாருமே கடுமையாகப் பயிற்சி செய்கிறார்கள் என்பதால் அங்கே மணிக்கணக்கு மட்டும் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதில்லை.

பிறந்த மாதம் செய்யும் வேலை

பன்னிரண்டு வயதில் ஒருவர் முன்னணியில் நிற்பதற்குத் திறமையைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் ஒன்று பிறந்த மாதம்.

சிங்கப்பூரில் ஜனவரி 2 முதல் அடுத்த ஆண்டு ஜனவரி 1 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பில் சேர்கிறார்கள். ஆண்டின் நடுப்பகுதியில் தேர்வுச்சுற்று நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஜனவரியில் பிறந்த தொடக்கநிலை 6 மாணவருக்கு அப்போது பன்னிரண்டரை வயது. டிசம்பரில் பிறந்தவருக்குப் பதினொன்றரை. பின்னவரின் மொத்த வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது விழுக்காட்டுக்குச் சமமான கூடுதல் காலம் முன்னவருக்குக் கிடைத்திருக்கிறது. உயரம், எடை, வலு, ஆட்டத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் ஆகிய எல்லாவற்றிலும் அது தெரியும்.

கனடாவின் பனி ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்து உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் சகாக்களும் 1985இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். ஆண்டின் முற்பகுதியில் பிறந்தவர்கள் அணிகளில் மிகுதியாகவும் பிற்பகுதியில் பிறந்தவர்கள் குறைவாகவும் இருந்தனர். இதற்குச் ‘சார்பு வயது விளைவு’ என்று பெயர். 2009இல் 14 விளையாட்டுகள், 16 நாடுகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோதும் இதே போக்கு தெரிந்தது. பதின்ம வயதில் வலுவாக இருந்த இந்த விளைவு, பெரியவர்கள் பிரிவில் குறைந்தது. வயது இடைவெளி தந்த அனுகூலம் வளர வளரக் கரைந்துவிடுகிறது. ஆனால், அதற்குள் டிசம்பர்ப் பிள்ளைகள் பலர் விளையாட்டையே விட்டுப் போயிருப்பார்கள்.

இரண்டாவது காரணம் பருவ வளர்ச்சி. சராசரியாகப் பெண்கள் 12 வயதையொட்டியும் ஆண்கள் 14 வயதையொட்டியும் வேகமாக உயரம் கூடுகிறார்கள். சராசரி அப்படி இருந்தாலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது. ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பதின்மூன்று வயது மாணவர்களின் உடல் வளர்ச்சி சில ஆண்டுகள் வேறுபட்டிருக்கக்கூடும். இங்கிலாந்தின் பிரிமியர் லீக் காற்பந்துக் கழகங்கள் சில, பாத் பல்கலைக்கழகத்தின் ஷான் கமிங் போன்ற ஆய்வாளர்களுடன் சேர்ந்து இதற்கு ஒரு மாற்றுவழியைச் சோதித்தன. பிறந்த ஆண்டைப் பார்க்காமல் உடல் வளர்ச்சியின் கட்டத்தைப் பார்த்துச் சிறுவர்களைப் பிரித்து ஆடவிட்டார்கள். சீக்கிரம் வளர்ந்தவர்கள் உடல் வலுவை மட்டும் நம்ப முடியாமல் நுணுக்கத்தைத் தேட வேண்டியிருந்தது. தாமதமாக வளர்பவர்களுக்குத் தங்கள் திறனைக் காட்ட இடம் கிடைத்தது.

பல விளையாட்டுகள் ஏன் உதவுகின்றன?

குல்லிச் குழு மூன்று விளக்கங்களை முன்வைக்கிறது. முதலாவது, தேடிப் பொருந்துவது. பல துறைகளை முயன்றவருக்குத் தம் உடலுக்கும் மனத்துக்கும் ஏற்றதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அதிகம். உலகின் அதிவேக மனிதர் உசேன் போல்ட் சிறுவயதில் கிரிக்கெட் ஆடியவர். ரோஜர் ஃபெடரர் பன்னிரண்டு வயதுவரை டென்னிசுடன் காற்பந்தும் ஆடினார்.

இரண்டாவது, கற்கும் ஆற்றல். வெவ்வேறு பயிற்றுநர்கள், வெவ்வேறு விதிகள், வெவ்வேறு சூழல்கள் ஆகியவற்றுக்குப் பழகியவர், பின்னர் ஒரே துறையில் இறங்கும்போது வேகமாகக் கற்கிறார். மூன்றாவது, ஆபத்தைக் குறைப்பது. ஒரே அசைவை ஆண்டு முழுவதும் செய்யும் வளரும் உடலுக்குக் காயம் எளிதில் வரும். ஒரே விளையாட்டில் மூழ்கியவருக்குச் சலிப்பும் சீக்கிரம் வரும். சுமார் 1,200 இளம் விளையாட்டாளர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, எளிதில் நினைவில் நிற்கும் ஒரு கணக்கைத் தந்தது. வாரத்துக்குத் தங்கள் வயதைவிட அதிக மணி நேரம் ஒழுங்குமுறைப் பயிற்சியில் ஈடுபட்டவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பதின்மூன்று வயதென்றால் பதின்மூன்று மணி நேரம் என்பது ஓர் எல்லைக்கோடு.

அவசர முடிவு வேண்டாம்

‘அப்படியானால் பயிற்சியைக் குறைத்தால் உலக வெற்றியாளர் ஆகலாமா?’ என்று கேட்டால், இல்லை. இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகளை மனத்தில் வைக்க வேண்டும்.

முதல் எச்சரிக்கை புள்ளியியலிலிருந்து வருகிறது. ஒரு நிறுவனம் கணிதம், ஆங்கிலம் ஆகிய இரண்டின் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து உபகாரச் சம்பளம் வழங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பெற்றவர்களை மட்டும் பார்த்தால், கணிதத்தில் மிக உயர்ந்தவர்கள் ஆங்கிலத்தில் சற்றுக் குறைவாக இருப்பதுபோல் தோன்றும். கணிதம் ஆங்கிலத்தைக் கெடுத்துவிட்டது என்று அதற்குப் பொருளன்று. இரண்டிலும் குறைவானவர்கள் அந்தக் கூட்டத்துக்குள் வரவே இல்லை என்பதுதான் காரணம். அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜோசஃப் பெர்க்சன் 1946இல் விளக்கிய பொறி இது. உச்சநிலை வீரர்களை மட்டும் ஒப்பிடும் ஆய்வுகளிலும் இந்தப் பொறி இருக்கலாம். குறைந்த பயிற்சியோடு அங்கு வந்து சேர்ந்தவர்களிடம் வேறு ஏதோ ஒரு வலு மிகுதியாக இருந்திருக்கும். அவர்களின் வெற்றிக்குக் குறைந்த பயிற்சிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது எச்சரிக்கை, விளையாட்டுக்கு விளையாட்டு நிலைமை மாறும் என்பது. சீருடற்பயிற்சி, முக்குளிப்பு போன்றவற்றில் உச்ச வயது இளமையிலேயே வருவதால் தொடக்கமும் சீக்கிரமாக இருக்க வேண்டியுள்ளது. மேலும், உலகத் தரத்தினர் சிறுவயதில் சும்மா இருக்கவில்லை. பயிற்றுநரின்கீழ் பல விளையாட்டுகளில் முறையாக உழைத்தார்கள். நண்பர்களோடு பொழுதுபோக்காக ஆடிய ஆட்டத்துக்கு இந்த ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க விளைவு தென்படவில்லை.

எனவே, தொடக்கத்தில் முந்தி நிற்பதை உறுதிமொழியாகவும் பின்தங்கி நிற்பதைத் தீர்ப்பாகவும் எடுத்துக்கொள்ளக்கூடாது என்ற அளவில்தான் இந்த ஆய்வுகளை நாம் நம்பலாம்.

தேர்வாகாதவரின் மனம்

தேர்வு முறைகளைப் பற்றிப் பேசும்போது தேர்வானவர்களைப் பற்றியே பேசுகிறோம். விளையாட்டு உளவியல் மற்றவர்களையும் பார்க்கிறது. இங்கிலாந்தின் காற்பந்துப் பயிலகங்களிலிருந்து விடுவிக்கப்பட்ட பதின்ம வயதினரை 2016இல் வெளியான ஆய்வு ஒன்று பின்தொடர்ந்தது. தக்கவைக்கப்பட்டவர்களைவிட அவர்களின் மனவுளைச்சல் அதிகமாக இருந்தது. ‘நான் ஒரு காற்பந்து வீரர்’ என்பதைத் தவிர வேறு அடையாளம் இல்லாதவரிடமிருந்து காற்பந்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? அணிக்குள் இருப்பவர்களும் காயம்பட்டு ஓராண்டு உட்கார நேர்ந்தால் இதே கேள்வியை எதிர்கொள்வார்கள்.

ஒருவர் ஒரு செயலில் நீடிக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறது எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகிய உளவியலாளர்கள் வளர்த்த கோட்பாடு. தானே விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, இவர்களோடு நான் சேர்ந்தவன் என்ற உணர்வு ஆகியவையே அவை. பன்னிரண்டு வயதில் அணியிலிருந்து விடுபடும் மாணவர், பிந்தைய இரண்டையும் ஒரே நாளில் இழக்கிறார். அதன் பிறகு அவர் ஓடுவதை நிறுத்தினால் சோம்பேறித்தனம் என்று சொல்வது நியாயமாகாது.

முந்தி நின்றவர்களின் பாதையும் நேர்க்கோடு அன்று. சாந்தி பெரேரா 2015 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 18. அடுத்த இரண்டு போட்டிகளில் அவருக்குத் தங்கம் கிடைக்கவில்லை. காயங்களும் சேர்ந்துகொண்டன. அந்த ஆண்டுகளில் அவருடைய கதை முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தால், 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 27 வயதில் அவர் வென்ற 200 மீட்டர் தங்கம் வந்திருக்காது. 1974க்குப் பிறகு ஆசிய விளையாட்டுப் போட்டியின் திடல்தடப் பிரிவில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

இரண்டாவது கதவு

நார்வே நாட்டின் மக்கள்தொகை சிங்கப்பூரைவிடச் சற்றுக் குறைவு. அங்கே 1987 முதல் சிறுவர் விளையாட்டுக்கெனத் தனி விதிகள் உண்டு. பதினொரு வயது வரும்வரை புள்ளிப் பட்டியலும் தரவரிசையும் வெளியிடுவதில்லை. பதின்மூன்று வயதுக்கு முன் தேசிய வெற்றியாளர் போட்டிகள் கிடையாது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் அந்த நாடு 16 தங்கங்களுடன் முதலிடம் பிடித்தது. பனியும் பணவளமும் பனிச்சறுக்கு மரபும் அதற்குத் துணைநின்றன என்பதை மறக்க வேண்டாம். எனினும், பிள்ளைகளைத் தரம்பிரிப்பதைத் தள்ளிப்போட்டால் நாட்டின் பதக்க வாய்ப்பு கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு நார்வே ஒரு பதில்.

இடங்கள் குறைவாக இருக்கும்போது பள்ளிகள் தேர்வு செய்யத்தான் வேண்டும். நேரடிப் பள்ளிச் சேர்க்கையின் நோக்கமும் ஒலிம்பிக் வீரரைக் கண்டெடுப்பதன்று. ஆனால், அந்தத் தேர்வோடு பயிற்றுநரின் கவனமும் திடலில் நேரமும் தன்னம்பிக்கையும் சேர்ந்தே பங்கிடப்படுகின்றன. ஆகவே, தேர்வுச்சுற்றில் பிறந்த மாதத்தையும் வளர்ச்சிக் கட்டத்தையும் பயிற்றுநர்கள் குறித்துவைத்துப் பார்க்கலாம். உயர்நிலை 2, 3இல் அணிக்குள் வர இரண்டாவது கதவு ஒன்றைத் திறந்துவைக்கலாம். தேர்வாகாதவர்களும் தொடர்ந்து ஆட ஓர் இடம் தரலாம்.

மாணவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. அணியில் இருப்பவர்கள் பருவம் முடிந்த மாதங்களில் வேறு ஒரு விளையாட்டைக் கற்றுக்கொள்ளலாம், வாரப் பயிற்சி நேரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அணியில் இடம் கிடைக்காதவர்கள், முந்தியவர் எந்த மாதத்தில் பிறந்தவர், எத்தனை ஆண்டு முன்னதாகப் பயிற்சியைத் தொடங்கியவர் என்று பார்த்த பிறகு தங்களை எடைபோடட்டும். பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் தொடக்கக் கல்லூரியிலும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் பல்கலைக்கழகத்திலும் புதிதாக ஒரு விளையாட்டைத் தொடங்கலாம். பதினேழு வயதில் முதல்முறை துடுப்பைப் பிடிப்பவர் தாமதித்துவிட்டவர் அல்லர்.

முளை சிறியதாக இருந்ததற்கு விதை மட்டுமே காரணமாக இருக்காது. விதைத்த தேதியும் காரணமாக இருக்கலாம். அறுவடை வரை தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாமல் இருந்தால்தான் அது என்ன பயிர் என்று தெரியவரும்.